ஒண்ணும் பண்ணாதுங்க

"ஓடாதீங்க. அப்படியே நில்லுங்க. கையை ஆட்டாதீங்க. அது கண்ணை நேராப் பாக்காதீங்க. பயந்த மாதிரி மட்டும் காட்டிக்காதீங்க. ஒண்ணும் பண்ணாதுங்க."

இத்தனையும் ஒரே மூச்சில் வரும், திண்ணையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே. ஒன்றும் பண்ணாத பிராணிக்கு எதற்கய்யா இத்தனை நிபந்தனை என்று எதிரே நிற்பவர் கேட்டதில்லை. கேட்கிற நிலைமையில் அவர் இருக்க மாட்டார். கரண்டு கணக்கெடுக்க வந்தவர் என்றால் கையிலிருக்கும் கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அறப்பளீஸ்வரரை மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டு நிற்பார்.

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் ஊருக்கு ஒருவராவது இப்படி உண்டு. பெயர் வேண்டாம், ஒண்ணும்பண்ணாதார் என்றே வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதை ஒட்டி. இரண்டு ஏக்கரில் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, ஓரத்தில் நாலு பலா. சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விலையை விசாரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று மூட்டையோடு திரும்பி வருகிற ரகம். வாசலில் ஒரு நாய். பெயர் ரோஸி.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. புலி என்று பெயர் வைத்த நாய் பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ரோஸி, பப்பி, செல்லம் என்று யாராவது கூப்பிட்டால்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த மலையில் நாய்க்கும் ஆளுக்கும் நடுவே கேட் என்ற ஒன்று வந்ததே காட்டேஜ்கள் வந்த பிறகுதான். பழைய வீடுகளுக்கு வாசல்தான் எல்லை. பெரியகோவிலூருக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஒருவர் வாசலைக் கடந்து, அடுத்தவர் மிளகுத் தோட்டத்துக்குள் நுழைந்து, மூன்றாமவர் மாட்டுக்கொட்டகையை உரசிக்கொண்டு வெளியே வரும். பொதுவழி எங்கே முடிகிறது, ரோஸியின் ராஜ்ஜியம் எங்கே தொடங்குகிறது என்பது ரோஸிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அதையும் அவள் தினம் மாற்றி அளப்பாள். கயிறு என்பது மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஏற்பட்டது. நாயைக் கட்டச் சொன்னால் நம்மவர் முகம் சுருங்கிப்போகும். "கட்டிப்போட்டா அதுக்குக் கோவம் வந்துருதுங்க."

ஒன்று சொல்லிவிட வேண்டும். மலையில் நாய் வளர்ப்பது ஆடம்பரம் இல்லை. மரவள்ளிக் காட்டில் ஒரே ராத்திரி பன்றிக்கூட்டம் புகுந்துவிட்டால் காலையில் உழுது போட்ட நிலம்தான் மிஞ்சும். அதற்குக் காவல், செம்பட்டை நிறத்தில் விலா எலும்பு தெரியும் நாட்டு நாய். புது ஆளைக் கண்டால் பத்தடி தள்ளி நின்று குரைக்கும், நாம் குனிந்து கல்லைத் தேடுவதுபோல் பாவனை செய்தால் இன்னும் பத்தடி தள்ளிப் போய்க் குரைக்கும். மானம் மரியாதை உள்ள ஜீவன். ரோஸியின் தாய் அந்த வம்சம். சிக்கல் தகப்பன் வழியில் வந்தது. தகப்பன் கீழே ராசிபுரத்துப் பக்கம் ஏதோ ஒரு பங்களாவில் இருந்த ராட்வைலர். "அப்பன் ஒரிஜினல்ங்க" என்று நம்மவர் சொல்லும்போது ஏதோ தன் சொந்தத் தகப்பனாரைப் பற்றிப் பேசுவதுபோல் தோளை நிமிர்த்திக்கொள்வார்.

அந்த ஒரிஜினல் அப்பனுக்கு 2024 மார்ச்சில் சோதனை வந்தது.

மத்திய அரசின் கால்நடைத் துறை அந்த மாதம் 12ஆம் தேதி மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மனித உயிருக்கு ஆபத்தானவை என்று 23 வகை நாய்களைப் பட்டியல் போட்டு, இவற்றை இறக்குமதி செய்யக் கூடாது, இனப்பெருக்கம் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, உரிமம் தரக் கூடாது, ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்றது. பட்டியல் சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் வழியாக மலையேறிவிட்டது. டீக்கடையில் அதைச் சத்தம் போட்டு வாசித்தவர் நம்மவர்தான். பிட்புல், ராட்வைலர் வரைக்கும் தடங்கல் இல்லை. அதற்குப் பிறகு கங்கல், அக்பாஷ், தோர்ன்யாக், சார்ப்ளானினாக், ஃபிலா பிரசிலேரோ. இதில் ஒன்றிடம் கடி வாங்கியவர் போலீசில் அதன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் புண் ஆறிவிடும். 'தோசா இனு' என்று ஒருமுறை, 'ஜப்பானியத் தோசா' என்று இன்னொருமுறை, ஒரே நாய் இரண்டு இடத்தில் வருகிறது. டீக்கடைக்காரர் அதை ஹோட்டல் பட்டியல் என்றே நினைத்துவிட்டார். 'டெரியர்கள்' என்று மொத்தமாக ஒரு வரி வேறு. மடியில் வைத்துக் கொஞ்சும் குட்டி நாயும் டெரியர்தான், ஆளைத் தூக்கிப்போடும் நாயும் டெரியர்தான்.

கலப்பினங்களுக்கும் இது பொருந்தும் என்ற வரி வந்த இடத்தில் நம்மவர் போனை மடித்துப் பையில் போட்டார். ரோஸியின் வம்ச வரலாறு அன்று ராத்திரியே திருத்தி எழுதப்பட்டது. "அப்பனா? ஏதோ ஒரு கருப்பு நாயிங்க. கண்ணால பாத்தவங்க யாரு? தாய் வழியில பாத்தா நம்ம மலை நாயிதானுங்க."

ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்ட உத்தரவு என்பது காரணம். டெல்லி உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே சொல்லி, எல்லார் கருத்தையும் கேட்டு முறையாகச் செய்யுங்கள் என்றது. ரோஸியின் அப்பன் மறுபடி ஒரிஜினல் ஆனார்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. மே முதல் வாரம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. டிவியில் அதைப் பார்த்த அன்று நம்மவர் வீட்டில் பேச்சில்லை. பேச்சு திரும்பியபோது, "அது ராட்வைலருங்க, நம்முளுது லேப் கலப்பு" என்று வந்தது. தமிழ்நாடு கால்நடைத் துறை அதே 23 வகைக்கும் தடை என்று அறிவித்து, நீதிமன்றத் தீர்ப்புகள் குறுக்கே நிற்கவும் சட்டென்று திரும்பப் பெற்றுக்கொண்டது. அத்தோடு லேப் போய் ராட்வைலர் வந்தார். அந்த வருஷம் ரோஸியின் அப்பன் யார் என்பதை முடிவு செய்தவை நாட்டின் நீதிமன்றங்கள்தான். ரோஸியின் தாயை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சட்டம் தெரியாத ஆள் என்று இவரை நினைத்துவிட வேண்டாம். எந்த வக்கீலும் தோற்றுப்போவார். தமிழக அரசு 2024இல் நாய் இனப்பெருக்கத்துக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்து, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் போன்ற சில வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்ய வேண்டாம் என்றது. அவை கடிக்கும் என்பதற்காக இல்லை, நம் வெயில் அவற்றுக்கு ஆகாது என்பதற்காக. செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிய சப்பை மூக்கு நாய் இருக்கிறதே, அதுதான் பக். மூச்சு விடுவதே அதற்குப் பெரும்பாடு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் ஊர் நாய்களை வளருங்கள் என்பது கொள்கையின் மற்றொரு பக்கம். ராஜபாளையத்துக்குத் தபால்தலையே வந்தது 2005இல். நம்மவர் இத்தனையையும் படித்துவிட்டு எடுத்த முடிவு வேறு. "வெயில்தானுங்களே பிரச்சனை? நம்ம மலைல மார்கழில பல்லு கிட்டுதுங்க. ஒரு ஹஸ்கி கொண்டாந்து காட்டேஜ் வாசல்ல நிறுத்தினா செல்ஃபிக்கு அம்பது ரூவா வாங்கலாம்." கொள்கை வகுத்தவர்கள் கொல்லிமலையை யோசிக்காமல் விட்டுவிட்டார்கள் என்பதில் அவருக்கு மெய்யாகவே வருத்தம்.

2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டுப் பிட்புல் கடித்து ஒருவர் உயிரே போனது. வருஷக் கடைசியில் சென்னை மாநகராட்சி, பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் இனிமேல் புது உரிமம் கிடையாது, மீறி வாங்கி வளர்த்தால் ஒரு லட்சம் அபராதம் என்று தீர்மானம் போட்டது. நம்மவர் கலங்கவில்லை. "அது மாநகராட்சிக்குள்ளதானுங்க. எழுவது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றதுக்குள்ள சட்டத்துக்கு வாந்தி வந்துரும்." துணைக்கு, இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியையும் இழுப்பார். ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்ததாகப் புறநானூற்றுப் பாட்டு சொல்கிறது அல்லவா? "பாத்தீங்களா, அந்த லிஸ்ட்லயே நாயி இல்லீங்க."

பட்டியல் போட்டு நாயைப் பிடிக்கும் வேலையில் வெள்ளைக்காரன் நமக்கு மூத்தவன். இங்கிலாந்தில் 1991இல் ஆபத்தான நாய்கள் சட்டம் வந்தது. பிட்புல், ஜப்பானியத் தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ நாலுக்கும் தடை. எக்ஸ்எல் புல்லி ஐந்தாவதாகச் சேர்ந்தது 2023 கடைசியில். அங்கே நாயின் பெற்றோர் யார் என்பதைவிட அது பார்க்க எப்படி இருக்கிறது என்பதுதான் வழக்கு. தலை எத்தனை அகலம், உயரம் எத்தனை என்று அளவு பார்த்து, இது பிட்புல் 'மாதிரி' என்று முடிவு செய்வார்கள். நல்லவேளை, இந்த முறை மலைக்கு வரவில்லை. ரோஸியின் தலையில் டேப் வைத்து அளக்க எந்த அதிகாரியும் துணிய மாட்டார், துணிந்தவர் இரண்டாவது அளவு எடுக்க மாட்டார்.

அதே ஆங்கிலச் சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. எந்த இனமானாலும் சரி, நாய் கைமீறிப்போய் ஆளுக்கு ஆபத்து உண்டாக்கினால் உடையவர் குற்றவாளி என்கிறது. நம் ஊரில் அப்படி ஒன்று அதற்கும் முன்னாலேயே, 1860லிருந்து கிடக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவு. 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது அது 291 ஆனது, அபராதம் ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை ஏறியது. தன்னிடம் உள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ பலத்த காயமோ வரக்கூடும் என்ற நிலையில் தக்க ஜாக்கிரதை எடுக்காமல் அலட்சியமாக இருப்பவருக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதில் தோசாவும் கிடையாது, தோர்ன்யாக்கும் கிடையாது. ரோஸியின் அப்பன் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று அது கேட்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்றுதான் கேட்கிறது. டெல்லி முதல் சென்னை வரை எல்லாச் சட்டமும் விரல் நுனியில் வைத்திருக்கும் நம்மவருக்கு இந்த ஒரு பிரிவு மட்டும் எப்படியோ கண்ணில் படவில்லை. வாட்ஸ்அப்பில் வராத சட்டம்.

இனி ஆடிப் பதினெட்டு.

ஓரி விழாவும் கோயில் கூட்டமும் சேர்ந்து வளப்பூர் நாடே நிரம்பி வழியும் நாள். ஈரோட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஆகாயகங்கையில் குளித்துவிட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளையும் ஏறி வந்திருக்கிறார். தொடை இரண்டும் தனித்தனியாக நடுங்குகின்றன. பஸ்ஸுக்குக் குறுக்குவழி என்று யாரோ காட்டிய பாதை நேரே ரோஸியின் வாசலுக்குக் கொண்டுவந்து விட்டது. ரோஸி எழுந்தாள். உதட்டை மேலே சுருட்டினாள்.

"சிரிக்குதுங்க" என்றார் நம்மவர், திண்ணையிலிருந்து.

சிரித்தே ஆளைக் கொன்ற கொல்லிப்பாவையின் மலை இது. இளைஞருக்கு அந்தக் கதை தெரிந்திருந்தால் அங்கேயே புரிந்திருக்கும். அவர் ஓடினார். நடுங்கும் தொடையோடு எத்தனை தூரம் ஓட முடியும்? மாட்டுக்கொட்டகை வரைக்கும்.

கடி விழுந்த பிறகுதான் நம்மவர் பேச்சின் முழு அழகும் வெளிப்படும். படிப்படியாகத்தான் இறங்கி வருவார். முதலில், "கடிக்கலீங்க, வெளாடுது." ரத்தம் தெரிந்ததும், "பல்லு படலீங்க, நகந்தான்." காற்சட்டையை உயர்த்தி நாலு பல்லின் தடத்தையும் காட்டினால், "நீங்க ஓடியிருக்கப்படாதுங்க." ஓடியதற்குக் காரணம் சொன்னால், "அந்தச் செவப்புச் சட்டைதானுங்க அதுக்கு ஆகாது." கடைசியாக, எதற்கும் அசராமல், "இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான் மொதத் தடவைங்க." அந்த வாசலில் ஆண்டுக்கு நாலைந்து முதல் தடவைகள் நடக்கும்.

"நாய்க்கு ஊசி போட்டிருக்கா?" என்று கேட்டார் இளைஞர்.

"முகாமுக்கே கூட்டிட்டுப் போனமுங்க. டாக்டருதான் கிட்ட வரல."

இத்தனை நேரமும் ரோஸி காலைச் சுற்றிச் சுற்றித்தான் வருகிறாள். "ரோஸி! ஏய், நில்லு! உக்காரு!" என்று நம்மவர் போடும் உத்தரவுகளை அவள் காதில் வாங்கியதே கிடையாது. அடுப்படியிலிருந்து அவர் மனைவி வெளியே வந்து, "சீ" என்று ஒரே எழுத்து சொன்னார். ரோஸி வாலைச் சுருட்டிக்கொண்டு விறகுக் கட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். அந்த ஒரு எழுத்தைக் கற்றுக்கொண்டிருந்தால் நம்மவருக்கு இத்தனை சட்டம் படிக்கும் வேலை மிச்சம்.

மஞ்சள் வைக்கலாமா, மூக்குப்பொடி வைக்கலாமா, கீழே ஒரு ஊரில் வேர் கொடுக்கிறார்களாமே என்று அவர் யோசனை சொல்லிக்கொண்டிருக்க, அந்த அம்மாள் இளைஞரைத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப் போய், துணி துவைக்கும் சோப்பைக் கையில் கொடுத்து, கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கழுவ வைத்தார். நர்ஸ் ஒருத்தி என்றைக்கோ சொன்னதாம். நர்ஸ் சொன்னது சரி. வெறிநாய்க்கடி நோய் ஒருமுறை அறிகுறி காட்டிவிட்டால் ஆள் பிழைப்பது அநேகமாக இல்லை. அதற்கு முன்னால் செய்யக்கூடியது சோப்பும் ஊசியும்தான். "செம்மேட்டுல இன்னிக்கு ஒண்ணு போட்டுக்கோங்க தம்பி. மூணாம் நாளு, ஏழாம் நாளு, இருவத்தெட்டாம் நாளு ஈரோட்டுலயே பெரியாஸ்பத்திரில போடுவாங்க, காசு கெடையாது. ஆழமா இருக்குது, வேற மருந்தும் போடணும்னா அதையும் போட்டுக்கோங்க. நடுவுல விட்டுராதீங்க." இத்தனை தெளிவாக அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறதே என்று யோசித்தால் அந்த 'மொதத் தடவை'யின் லட்சணம் விளங்கும்.

நஷ்டஈடு விஷயத்தில் நம்மவர் கஞ்சன் இல்லை. அவரிடம் சொந்தமாகவே ஒரு தண்டனைச் சட்டம் உண்டு. துரத்தியதோடு சரி என்றால் டீ. நகம் கீறினால் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். பல் பட்டால் ஒரு படி மிளகு. (எனக்கும் ரோஸிக்கும் இதுவரை வாழைப்பழ அளவில்தான் உறவு.) ஈரோட்டு இளைஞர் நொண்டிக்கொண்டே பஸ் ஏறியபோது ஒரு கையில் மிளகுப் பொட்டலம், இன்னொரு கையில் பலாப்பழம். சண்டை போட வாயெடுத்தவரை அந்தப் பலாப்பழம்தான் அடக்கிவிட்டது. பத்துக் கிலோ பழத்தை ஏந்திக்கொண்டு யாரால் கோபமாகப் பேச முடியும்?

இப்படிப்பட்டவருக்குத் தெருநாய் என்றால் மட்டும் ஆகவே ஆகாது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைப் பிடித்து அடைக்கச் சொன்ன அன்று டீக்கடையில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு நாளில் அந்த உத்தரவு மாறி, ஊசியும் கருத்தடையும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று வந்தபோது வடைக் காசு வீண் என்றார். நவம்பரில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அப்புறப்படுத்தச் சொன்னதும் மறுபடி உற்சாகம். கோயில் பஸ் நிற்கும் இடத்தில், பஸ்ஸுக்கு அடியில் நிழலில் படுத்திருக்கும் நாய் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். பயணி பிஸ்கட் போட்டால், "நம்ம ரோஸிங்க." பயணியின் செருப்பைக் காணோம் என்றால், "அது தெருநாயிங்க, நம்ம ரோஸி மாதிரியேதான் இருக்கும்."

ஜனவரி 26 கிராம சபையில் முதலில் எழுந்தவர் அவர்தான். குடிதண்ணீருக்கும் ரோட்டுக்கும் முன்னால் நாய்ப் பிரச்சனை வந்தாக வேண்டும் என்றார். கோயில் பக்கம் எங்கே பார்த்தாலும் நாய்க்குட்டி, கருப்பும் பழுப்புமாக, ஒரே ஜாடையில், யார் கொண்டுவந்து விடுகிறார்கள் என்றே தெரியவில்லை, வெளியூர்க்காரர்கள் கார் நிறுத்தப் பயப்படுகிறார்கள். 2023ஆம் வருஷத்து விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்க்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு என்று விதியின் பெயரைத் தப்பில்லாமல் சொன்னபோது ஊராட்சிச் செயலரே நிமிர்ந்து பார்த்தார். வீட்டு நாய்க்கு அது வளர்ப்பவர் பொறுப்பு என்று அதே விதிகளில் இருப்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கருத்தடை முகாம் நடத்தக் கோரித் தீர்மானம் எழுதியாயிற்று. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னதும் மொத்தச் சபையும் தூக்கியது.

பின் வரிசையில் பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி எழுந்தார். கூடையிலிருந்து துணியை விலக்கினார்.

"ரோஸி ஆறு குட்டி போட்டிருக்குதுங்க. யாருக்காச்சும் வேணுங்களா?"

"அப்பன் ஒரிஜினல்ங்க" என்றார் நம்மவர்.

இறக்கிய கைகளில் பாதி மறுபடி மேலே போயின. ஆறு குட்டிக்கு ஆள் பதினொன்று. செயலர் ஒரு காகிதத்தைக் கிழித்துச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.